வரிசையில் காத்திருந்த எலிகள்

தார்நாகாவில் நான் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு ஒரு புது இயந்திரம் வந்திருக்கிறது. பதினாறு சவ்வுகளை ஒரே நேரத்தில் தானே கட்டி, தானே அளந்து, தானே படமும் போட்டுக் கொடுத்துவிடுமாம். போன வாரம் அங்கே ஆராய்ச்சி பண்ணும் பிள்ளைகள் கூப்பிட்டுக் காட்டினார்கள். சத்தமே இல்லை. "உங்க காலத்துல இதை எப்படி மேடம் செஞ்சீங்க? ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். என் காலமாம்! இரண்டு வருஷம் முன்பு வரைக்கும் இதே கட்டடத்தில்தான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக போலாரம் பஸ் ஏறினேன்.

எழுதினால் ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்று பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது. மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு.

அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து லாலாகூடாவில் குடியேறியவர். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்ததும் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். குடுவை கழுவினேன், கரைசல் கலக்கினேன், அப்புறம் எலி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பத்து வருடம் அப்படியே ஓடிவிட்டது. அதற்குப் பிறகுதான் நரசிம்மம் சார் பிரிவுக்கு என்னை மாற்றினார்கள்.

அங்கே என்ன வேலை என்று கொண்டாப்பூரில் ஐ.டி. வேலை பார்க்கும் என் மகள் ஒரு தடவை கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. செல்லுக்கு வேண்டிய சக்தி அங்கேதான் தயாராகிறது. அதன் வெளிச்சவ்வில் புரதத்தால் ஆன வாசல்கள் உண்டு. வேண்டியது உள்ளே போவதும் வெளியே வருவதும் அவற்றின் வழியாகத்தான். கைனேஸ் என்ற நொதி ஒன்று அந்த வாசலில் பாஸ்பேட் என்கிற சின்னத் துண்டை ஒட்டிவிடும். ஒட்டியதும் வாசலின் குணம் மாறிவிடும். தொட்டால் மூடிக்கொள்ளும், திறக்க அடம் பிடிக்கும். ரொம்ப நேரம் அப்படிக் கிடந்தால் மைட்டோகாண்ட்ரியா நாசமாகி, செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். ஒட்டிய பாஸ்பேட்டைப் பிய்த்து எடுக்க இன்னொரு நொதி இருக்கிறது, பாஸ்பட்டேஸ். ஒட்டுவதும் பிய்ப்பதுமாக நம் உடம்புக்குள் நொடிக்கு நொடி நடந்துகொண்டே இருக்கிறது. இவ்வளவையும் கேட்டுவிட்டு என் மகள், "சோ க்ரீப்பி மம்மி" என்று சொல்லி போனைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

நரசிம்மம் சார் ஒல்லியான மனிதர். தெலுங்குக்காரர் என்றாலும் வேலூரில் படித்ததால் தமிழ் பேசுவார். யாரையும் திட்ட மாட்டார். நமக்குப் பின்னால் வந்து சத்தமில்லாமல் நிற்பார், அவ்வளவுதான். அவர் மூச்சு விடுவது கழுத்தில் படும்போது, எந்த இடத்தில் தப்புப் பண்ணினோம் என்று நமக்கே தெரிந்துவிடும். "மறுபடி, ஜெயம்மா" என்பார். இரண்டே வார்த்தை. அதற்கு நான் ஒரு நாள் முழுக்கத் திட்டு வாங்கியிருக்கலாம்.

அந்த வாசலைச் சோதிக்க நாங்களே செயற்கையாகச் சவ்வு கட்டுவது இப்படி. கடுகைவிடச் சின்னதாக ஒரு துளை போட்ட பிளாஸ்டிக் கிண்ணம். துளைக்கு இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். துளையின் மேல் மெல்லிய பிரஷ்ஷால் கொழுப்பை ஒரே இழுப்பில் தடவ வேண்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சோப்புக் குமிழ் மாதிரி நிறம் நிறமாக ஓடும். கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, நிறமெல்லாம் போய், கடைசியில் கன்னங்கரேலென்று ஆகிவிடும். கறுத்தால்தான் சவ்வு தயார். அதிர்வு தாங்க மேஜைக்கு அடியில் காற்றடித்த ஸ்கூட்டர் டியூப்கள் வைத்திருப்போம். அப்படியும் மெயின் ரோட்டில் லாரி போனால் சவ்வு கிழிந்துவிடும். வெளி மின்சாரம் புகாமல் இருக்கக் கிண்ணத்தைச் சுற்றி இரும்பு வலைக் கூண்டு. மின்விசிறி ஓடக்கூடாது, இருமக்கூடாது.

எலியின் ஈரலிலிருந்து பிரித்த வாசல் புரதத்தை அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் காத்திருப்போம். எப்போதாவது ஒரே ஒரு வாசல் போய்ச் சவ்வில் பொருந்தும். உடனே மின்சாரம் பாயும். அதைச் சார் ஒரு பழைய ஸ்பீக்கரில் கேட்கும்படி செய்திருந்தார். வாசல் திறந்திருந்தால் ரீங்காரம். மூடினால் சத்தம் இறங்கி ஒரு முனகல். திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். எலி செத்தது திங்கட்கிழமை, நான் கேட்டுக்கொண்டிருப்பது வியாழக்கிழமை. முதல் தடவை கேட்டபோது நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது. எதுதான் பழகவில்லை?

சாரிடம் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. எலிகள் ஒவ்வொன்றாகத்தான் வர வேண்டும். விலங்குக் கூடம் பின்புறம் தனிக் கட்டடம். அங்கிருந்து ஒரு கூண்டைத் துணி போட்டு மூடி எடுத்து வர வேண்டும். அந்த எலியின் வேலை முடிந்து, மேஜையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கோட்டை மாற்றி, ஜன்னலைத் திறந்து வைத்த பிறகுதான் அடுத்ததைக் கொண்டு வரப் போகலாம். வாரம் ஒரு நாள் ஆறு எலி, ஆறு நடை. ஏன் சார் என்று கேட்டதற்கு, "ஒண்ணுக்கு நடக்கறத இன்னொண்ணு பாக்கக்கூடாதம்மா" என்றார். மனிதர் இளகிய மனசுக்காரர், அதனால்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

இம்ரான் எங்கள் பிரிவில் பி.எச்டி. பண்ணிய பையன். பையன் என்றால் இருபத்தொன்பது வயது. அம்மா வாணியம்பாடி, அதனால் என்னிடம் ஓட்டைத் தமிழில் பேசுவான். கைனேஸைச் சேர்த்தால் வாசல் மூடிக்கொள்கிறது என்று காட்டுவதுதான் அவன் ஆய்வு. பல்கலைக்கழகம் ஏற்கெனவே இரண்டு தடவை கெடு நீட்டித்திருந்தது. அந்த டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும். ஏழு வருட உழைப்பு போய்விடும். ஜெர்மனியில் ஒரு ஆய்வகத்தில் அவனுக்கு இடம் தயாராக இருந்தது.

அந்த வருஷ மழையில் பின்புறப் பாதை முழுக்கச் சேறு. என் முழங்கால் வேறு மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. இம்ரானோ, "மேடம், ஜல்தி மேடம், டைம் இல்ல" என்று காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்பான். சார் காலை நேரத்தில் மீட்டிங்குகளில் மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை ஆறு கூண்டுகளையும் டிராலியில் அடுக்கி ஒரே நடையில் கொண்டு வந்துவிட்டேன். சுவரோரமாக வரிசையாக வைத்தேன். துணியும் போடவில்லை. அரை நாள் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. இது தெரியாமல் இத்தனை வருஷம் நடந்தே செத்தோமே என்று நினைத்தேன். பதினோரு வாரம் அப்படியே செய்தேன்.

ஒன்று கவனித்தேன். முதல் எலியைப் பிடித்தால் திமிறும், கடிக்க வரும். நாலாவது, ஐந்தாவது அவ்வளவு இல்லை. ஆறாவது எலி மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். மீசை கூட ஆடாது. கையை விட்டால் அப்படியே வரும், துணி பொம்மை மாதிரி. எனக்கு வசதியாகப் போயிற்று. வேறெதுவும் நான் யோசிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் நடந்தது அதுதான்.

எங்கள் வேலையில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சாட்சி வேண்டும். கைனேஸைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் அது செத்துவிடும். செத்த நொதியைச் சேர்த்தால் வாசலுக்கு எதுவும் ஆகக்கூடாது. அப்போதுதான் உயிருள்ள நொதியால்தான் வாசல் மூடியது என்று சொல்லலாம். அவசரத்தில் இம்ரான் இந்தச் சாட்சிச் சோதனைகளையெல்லாம் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தான். அக்டோபரில்தான் அவற்றைச் செய்யத் தொடங்கினான்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். வேகவைத்த நொதியை விட்டான். ஸ்பீக்கரில் ரீங்காரம் சரிந்தது. முனகல். அதற்கு மேல் எழவே இல்லை.

"மேடம்," என்றான், "இது செத்துப்போனது. இது எப்படி வேலை செய்யுது?"

புது நொதி வாங்கி வேகவைத்தோம். அதே முனகல். அரை மணி நேரம் கொதிக்க வைத்தோம். அதே முனகல். கடைசியில் நொதியே இல்லாமல் வெறும் தண்ணீரை ஒரு சொட்டு விட்டான். அதற்கும் மூடியது. இம்ரான் எழுந்து போய் வராந்தாவில் நின்றுகொண்டான். அந்த அறையில் தனியாக உட்கார்ந்து அந்த முனகலைக் கேட்க எனக்கு என்னவோ போல இருந்தது, ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன்.

சாரிடம் போனோம். அவர் எழுந்து வந்து வலைக் கூண்டுக்கு முன் உட்கார்ந்தார். பாஸ்பட்டேஸ், அதாவது பாஸ்பேட்டைப் பிய்க்கும் நொதி, அதில் ஒரு சொட்டு விட்டார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். முனகல் தடுமாறியது. பிறகு ஏறி ஏறி, தெளிவான ரீங்காரமாகிவிட்டது.

"நீ நொதி சேர்க்கறதுக்கு முன்னாடியே பாஸ்பேட் ஒட்டியிருக்கு, இம்ரான்," என்றார் சார். "தொட்டாலே மூடிக்கற குணத்தோடதான் வாசல் வந்திருக்கு."

"யார் சார் ஒட்டினது?"

"நாம இல்ல. எலி உயிரோட இருக்கறப்பவே ஒட்டியிருக்கு. நம்ம கரைசல்ல பாஸ்பேட் உதிராம இருக்க மருந்து போடறோம் இல்ல? அதனால அப்படியே நின்னுடுச்சு."

புரதத்தை உறைய வைத்துச் சேமிக்கும் குழாய்களில் தேதியும் எலியின் வரிசை எண்ணும் எழுதி வைப்பது சாரின் பழக்கம். பதினோரு வாரத்துக் குழாய்களை எண்வாரியாக அடுக்கி மறுபடி சோதிக்கச் சொன்னார். முதல் எலிகளின் வாசல்கள் நன்றாகவே இருந்தன. இரண்டு, மூன்று கொஞ்சம் மந்தம். ஆறாம் எண் எல்லாமே முனகல்தான், ஒரு வாரம் தப்பாமல்.

சார் என் பக்கம் திரும்பினார். "ஒண்ணுக்கும் ஆறுக்கும் நடுவுல என்னம்மா நடக்குது?"

"ஒண்ணும் இல்லையே சார்" என்றேன்.

ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. இம்ரான் தாடியும் மீசையுமாக அலைந்தான். காரணம் தெரியாவிட்டால் பதினோரு வாரத்து வேலையும் குப்பைதான், மறுபடி செய்ய நேரம் இல்லை. ஒரு நாள் கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு, "அம்மிகிட்ட என்ன சொல்றது மேடம்" என்று தன் அம்மாவை நினைத்துக் கேட்டான். அப்போதும் பேசாமல் இருந்தேன் பாருங்கள். மறுநாள்தான் சார் அறைக்குப் போய்ச் சொன்னேன். டிராலி, சுவரோரம், துணி போடாதது, எல்லாம்.

சார் திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அஞ்சு சாவைப் பாத்துட்டு ஆறாவது வந்திருக்கு. அந்தப் பயம் ஈரல் வரைக்கும் போய் வாசலைச் சாத்தியிருக்கலாம்" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இல்லேன்னா உங்க கை சோர்ந்து கடைசி எலிக்கு நேரம் ஆகியிருக்கலாம். அதுவும் ஒரு காரணம்தான். ரெண்டுல எதுன்னு தெரியாது" என்றார்.

கை சோர்வாகவே இருக்கட்டும் கடவுளே என்று அன்றைக்கு நான் வேண்டிக்கொண்டேன். ஆனால் இம்ரானுக்கு அது உதவாது. கை சோர்வு என்றால் அது வெறும் கெட்டுப்போன சோதனை. பயம்தான் காரணம் என்று நிரூபித்தால், அது அவனே கண்டுபிடித்த விஷயம், ஆய்வேடு நிற்கும். நிரூபிக்க ஒரே வழி. நெறிக்குழுவிடம் எழுதி அனுமதி வாங்கி, ஒரே ஒரு தடவை, தெரிந்தே ஆறு எலிகளையும் வரிசையில் காத்திருக்க வைக்க வேண்டும்.

"நான் செய்ய மாட்டேன்" என்றேன்.

இம்ரான் என் மேஜைக்கு வந்து நின்றான். "மேடம், நக்கோ, மாட்டேன்னு சொல்லாதீங்க. வேற யார் கை பட்டாலும் கணக்கு மாறிடும். ஒரே தபா மேடம்."

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல என்னால் ஆகவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை வெயில் நன்றாக அடித்தது. அறுக்கும் அறையில் நான் மட்டும். முடித்த குழாய்களை வரிசைப்படி ஜன்னல் வழியாகச் சாரிடம் கொடுக்க வேண்டும். அவர் எண்ணை மறைத்து எழுத்து ஒட்டி இம்ரானிடம் தருவார். எது எத்தனாவது என்று அவனுக்குத் தெரியாது. ஆறு கூண்டுகளையும் சுவரோரம் வைத்தேன். முதல் கூண்டின் மூடியில் கை வைத்ததும், கடைசிக் கூண்டைத் திரும்பிப் பார்த்தேன். அது கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, மூக்கை ஆட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. என்ன நடக்கப் போகிறது என்று அதற்கு இன்னும் தெரியாது.

என்னால் முடியவில்லை. அந்தக் கூண்டை எடுத்து, என் துப்பட்டாவால் மூடி, வராந்தாக் கோடியில் உமி மூட்டை அடுக்கும் அறைக்குக் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து ஐந்தையும் முடித்தேன். ஐந்தாவது என் கையில் அசையவே இல்லை. அப்புறம் மேஜையைத் துடைத்தேன், கோட்டை மாற்றினேன், ஜன்னலைத் திறந்தேன், ஆறாவதைக் கொண்டு வந்தேன். அது திமிறி என் கையுறையைக் கடித்தது. ஏனோ அதில் எனக்கு ஒரு நிம்மதி. குழாயைச் சாரிடம் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை. சோதனையைக் கெடுத்துவிட்டோம் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சார் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். ரீங்காரம் நன்றாக இருந்ததிலிருந்து மோசமானது வரை இம்ரான் எழுத்துகளை வரிசைப்படுத்திக் கொண்டு வந்திருந்தான். சார் தன் நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தார். மிகவும் நன்றாக இருந்தது முதல் எலி. கடைசி இடத்தில் ஐந்தாவது. நடுவில் இரண்டு, மூன்று, நாலு, வரிசை பிசகாமல். ஆனால் ஆறாவது எலி முதல் எலிக்கு அடுத்த இடத்தில், ஏறக்குறைய அதே ரீங்காரத்தோடு இருந்தது.

"ஆறு எப்படி சார் மேல வரும்?" இம்ரான் கேட்டான். "ஆறுதானே எல்லாத்தவிட மோசமா இருக்கணும்?"

சார் இரண்டு தடவை சரிபார்த்தார். நோட்டை மூடினார். "அந்தே, அவ்வளவுதான். வரிசை உடைஞ்சு போச்சு. பயம்தான் காரணம்னா அதிகமா பாத்தது ஆறாவது. அதுக்கு ஒண்ணுமே ஆகல. இது எதையும் நிரூபிக்கல, இம்ரான்." பிறகு என் பக்கம் திரும்பி, அதுவரை நான் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில், "ஜெயம்மா, நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்க வேண்டாம். எலிங்க காத்திருந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார்.

நான் வேண்டிக்கொண்டதே அதுதான். எழுந்து போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. இம்ரான் தன் காகிதத்தை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, எட்டாக மடித்துக்கொண்டிருந்தான்.

"சார்" என்றேன். "ஆறாவது எலி காத்திருக்கல."

"என்னம்மா?"

"அது ரூம்லயே இல்ல. முதல் எலியைத் தொடறதுக்கு முன்னாடியே வெளிய கொண்டுபோய் வெச்சுட்டேன். எல்லாத்தையும் துடைச்சுட்டு, அப்புறம்தான் கொண்டுவந்தேன். அது எதையும் பாக்கல சார்."

சார் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "எங்க வெச்சீங்க?"

"உமி மூட்டை ரூம்ல."

"கதவு?"

"சாத்தினேன்."

"கையும் அதே கை. கடைசியா செஞ்சதும் அதுதான். சோர்வுன்னா இதுலயும் தெரிஞ்சிருக்கணும்." ஒவ்வொன்றையும் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, எங்கள் இருவரிடமும் இல்லாமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "அப்போ மத்ததுங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

இம்ரானுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலி விழ எழுந்தான். "மேடம், நீங்க என்னைக் காப்பாத்திட்டீங்க மேடம்!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுக்கினான். கண்ணெல்லாம் தண்ணீர். அப்புறம் வராந்தாவுக்கு ஓடி, வாணியம்பாடிக்குப் போன் போட்டு, "அம்மி, ஹோகயா அம்மி", முடிந்துவிட்டது அம்மா என்று கட்டடமே கேட்கக் கத்தினான். டிசம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்தான். இப்போது ஜெர்மனியில் இருக்கிறான். ரம்ஜானுக்குத் தவறாமல் போன் பண்ணுவான்.

அவனுக்காக நான் சந்தோஷப்பட்டேன், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும், பாவம், அவற்றுக்கு என்ன தெரியும் என்று சொல்லி நான் ராத்திரி தூங்கிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்ல முடியாது என்பதற்கான ஆதாரத்தை நானே என் வாயால் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன்.